மாப்பிள்ளை பிடித்த இடம்

"கடலைப் பார்க்க வந்தோமா, கக்கூசைப் பார்க்க வந்தோமா?"

வேனை விட்டு இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

கேட்க மாட்டாளா பின்னே? அந்த முகாமில் அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் எத்தனையோ இடம் காலியாகக் கிடந்தது. அவள் கணவனோ கழிப்பறைக் கட்டடத்துக்குப் பக்கத்தில், பத்துத் தப்படி தள்ளிக் கூடாரம் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

"எனக்கு வயிறு சரியில்லம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"கிளம்பும்போது நல்லாத்தானே இருந்தீங்க?"

"சொல்லிட்டா கெடும் வயிறு?"

அவளுடைய அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நாற்பது வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நானும் எவ்வளவோ நிலம் அளந்திருக்கேன் மாப்பிள்ளை. இவ்வளவு பெரிய கடற்கரையில இப்படி ஒரு இடத்தைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேணும்!"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா" என்று பல்லைக் காட்டினான் அவன்.

அப்பா சிரித்ததில் அவளுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. இரண்டு வருஷமாக மனிதர் வாசலைத் தாண்டவில்லை. சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூட முட்டி வலி என்று சொல்லிவிட்டார். இந்தப் பயணத்துக்கும் அதே முட்டியைத்தான் காட்டினார். கணவன் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினான். வெளியே வந்து, "மாமா வர்றார்" என்றான். என்ன மந்திரம் போட்டான் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இந்த நாலு நாள் நல்லபடியாகப் போனால் அப்பா பழைய அப்பாவாகிவிடுவார் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மலையிலும் அதே கதைதான். மற்றவர்கள் கூடாரத்துக்கு எதிரே பள்ளத்தாக்கு. இவர்களுக்கு எதிரே கழிப்பறைக் குழாயடி.

"அம்மா, நம்ம டெண்ட்ல இருந்து பார்த்தா பல் தேய்க்கிற அங்கிள்தான் தெரியறாரு" என்றாள் எட்டு வயது மகள்.

"அதுவும் இயற்கைக் காட்சிதான்டா கண்ணு. மாப்பிள்ளை தேடிப் பிடிச்சுக் குடுத்தது" என்றார் தாத்தா.

அவளும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். வயிறு சரியில்லாத ஆசாமி கடற்கரையில் பொரித்த மீன் ஐந்து துண்டு உள்ளே தள்ளினான். படுத்தால் விடிகிறவரை குறட்டை. ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

சோம்பேறித்தனம்! நாலு எட்டு நடக்க வலிக்கிறது, பழி மட்டும் வயிற்றின் மேல்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரை. வேன் நிற்பதற்குள் அவளே இறங்கி ஓடிப்போய், தண்ணீரை ஒட்டிப் பெரிய மரத்தடியில் இடம் பிடித்துவிட்டாள்.

"இந்தத் தடவை இடம் நான் பிடிச்சது. யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

கணவன் முகம் தொங்கிப்போனது. "என் வயிறு..."

"மாத்திரை போட்டுக்கோங்க. அப்பா, எப்படி இருக்கு இடம்?"

அப்பா ஆற்றைப் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேட்டின் மேல் இருந்த கழிப்பறைக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாலேயே அளப்பது பழைய பழக்கம்.

"நூத்தி அறுபது மீட்டர். நடுவுல ஏத்தம் வேற" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பிரமாதமான இடம்மா. நீங்க இருங்க. எனக்குத்தான் முட்டி கொஞ்சம் படுத்துது. நாலு மணிக்கு பஸ் இருக்காம். நான் வீட்டுக்குப் போயிடறேன்."

காலையில் அவள் கொடுத்த தண்ணீர் பாட்டில் அவர் கையில் இருந்தது. கழுத்துவரை தண்ணீர். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

நேற்று மலையில் எல்லோருக்கும் முன்னால் ஏறிய முட்டி. கல்யாணத்துக்குப் போகாத முட்டி. சாத்திய கதவு. கணவனின் கெடாத வயிறு.

மணிக்கொரு தடவை எழுந்து போகவேண்டிய உபாதை அப்பாவுக்குத்தான். பெற்ற மகளிடம்கூடச் சொல்லக் கூசுகிற மனிதர். கேட்டுவிட்டால் இனி ஜென்மத்துக்கும் வீட்டை விட்டு வரமாட்டார்.

அவள் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸெல்லாம் வேண்டாம்ப்பா. எனக்கே காலையில இருந்து வயித்தைக் கலக்குது. இவர்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு போல. ஏங்க, அந்தக் கட்டடத்துப் பக்கத்துல இடம் இருக்கான்னு பாருங்க."

கணவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினான்.

அரை மணியில் கூடாரம் எழும்பிவிட்டது. கழிப்பறை பத்துத் தப்படி. ஆறு, மரங்களுக்கு நடுவே கொஞ்சூண்டு தெரிந்தது.

அப்பா மடக்கு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல ஜோடிடா சாமி! புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் சொல்லி வச்ச மாதிரி வயிறு கெடுது!"

பாட்டிலைத் திறந்து அண்ணாந்து, பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் எங்கம்மா போறோம்?"

"நீங்களே சொல்லுங்கப்பா."

"எங்க வேணா போகலாம். இடம் மட்டும் மாப்பிள்ளையே பிடிக்கட்டும்."