சோதனைக்கு எழுதிய கேள்வி

"இது யார் பார்த்த வேலை?"

மேலாளர் திரையைக் காட்டினார். கூட்ட அறையில் இருந்த பத்துப் பேரும் பதினொன்றாவது ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திரையில் ஒரே ஒரு வரி: சாப்பிட்டீங்களா?

"நான்தான் சார்," என்றார் அண்ணன்.

நாற்பத்தெட்டு வயதில் அந்த அலுவலகத்தில் அவர் எல்லாருக்கும் அண்ணன். பட்டம் கிடையாது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகங்களை வைத்தே ஜாவா படித்தவர். கம்பெனியின் மென்பொருள் அத்தனையும் ஓடுவது ஒரே ஜாவா கட்டமைப்பின் மேல். வெளியிலிருந்து இன்னொரு மென்பொருள் கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. சொல்ல வைப்பதற்கு வெப் சர்வீஸ் வசதி சேர்க்கத்தான் இவரை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள்.

"வேலை செய்யுதான்னு பாக்க ஒரு சின்ன சர்வீஸ் எழுதினேன் சார். கூப்பிட்டா 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கும். 'இல்ல'ன்னு அடிச்சா, 'முதல்ல சாப்பிடுங்க, வேலை எங்கயும் ஓடிடாது'ன்னு சொல்லும். அவ்வளவுதான்."

"எல்லாரும் சோதனைக்கு 'வணக்கம்'னு எழுதுவாங்க. உங்களுக்குச் சாப்பாட்டு நினைப்பா?"

சிரிப்பு.

"மக்கள் பயன்பாட்டுக்கு விடறப்ப அதை எடுக்கணும்னு தோணலையா?"

"வெளிய விடற சர்வீஸ் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டேன் சார். நிரலுக்கு மேல போட்ட குறியை எடுக்க மறந்துட்டேன். குறி இருந்தா கட்டமைப்பு தானாவே திறந்து விட்டுடும்."

"அப்படித் தானாத் திறக்கிற மாதிரி வச்சது யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

இந்தத் தடவை சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது என்னன்னு கேட்டு தலைமை அலுவலகத்துலேர்ந்து கடிதம் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை உங்க ஒப்பந்தம் முடியுது. நீட்டிக்கச் சொல்லி நான் எந்த முகத்தோட எழுதறது?"

சோதனைப் பிரிவுப் பெண் குறுக்கிட்டாள். "சார், நாலு மாசமா நம்ம ஆபீஸ்லேர்ந்தே யாரோ அதைக் கூப்பிட்டிருக்காங்க. யாருன்னு பாத்தா..."

"அந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்மா. ஒரு மணிக்குள்ள தூக்குங்க. போதும்."

வெளியே வந்ததும் அவள் அண்ணன் காதருகே சொன்னாள். "விடாதீங்கண்ணே. தெரிஞ்சும் வாயைத் திறக்காம வச்சு விளையாடியிருக்கு ஒரு ஆள். யாருன்னு பாத்துப் பேரைக் குடுங்க. பாதிப் பழி அங்க போயிடும், உங்க பொழப்பும் தப்பிக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. இந்த வயசில், பட்டம் இல்லாதவனை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

சர்வீஸை எடுத்துவிட்டு, அதை யார் எப்போது கூப்பிட்டார்கள் என்று குறித்து வைக்கும் பதிவை அண்ணன் திறந்தார். தன்னைத் தவிர யாரும் அதைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். வீட்டில் அதைக் கேட்க ஆளில்லாததால்தான் அந்தக் கேள்வியை எழுதினார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இருபத்தேழாம் எண் கணினி. தினமும் மதியம் ஒரு மணிக்கு மேல்.

'இல்ல.' 'இல்ல.' 'ஆச்சு.' 'இல்ல.'

இரண்டாம் மாதத்திலிருந்து பதில்கள் நீண்டன. 'பசிக்கல.' 'டப்பாவை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போறேன்.' பாவம், சர்வீஸுக்குப் புரிவது இரண்டே வார்த்தை. வேறு எதை அடித்தாலும் ஒரே பாட்டுதான்.

'தனியா சாப்பிடப் பிடிக்கல.'

'புரியவில்லை. மீண்டும் சொல்லவும்.'

'தனியா சாப்பிடப் பிடிக்கல.'

'புரியவில்லை. மீண்டும் சொல்லவும்.'

அந்த ஆள் ஒன்பது முறை மீண்டும் சொல்லியிருந்தார்.

அண்ணன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு கணினியின் முதுகிலும் எண் ஒட்டியிருக்கும். இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு. அதோடு சுவர். அடுத்த வரிசை இருபத்தெட்டில் ஆரம்பித்தது.

"என்னண்ணே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" அந்த வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்.

"தண்ணி பிடிக்கப் போறேம்மா."

"தண்ணி அந்தப் பக்கம்ணே."

ஒன்றேகாலுக்கு எல்லாரும் கும்பலாகச் சாப்பிடக் கீழே போனார்கள். வழக்கம்போல அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. அவர் மேலாளரின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினார்.

"தூக்கிட்டீங்களா?"

"தூக்கிட்டேன் சார்."

மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பொண்ணு சொல்லிச்சே... யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

'இருபத்தேழாம் எண் யாரோடது சார்?' என்று கேட்க வாயெடுத்தார் அண்ணன். அப்போதுதான் மேசை மேலிருந்த கணினியின் முதுகு கண்ணில் பட்டது. பக்கத்தில் மூடி திறக்காத சாப்பாட்டு டப்பா.

இருபத்தேழு.

"தெரியல சார்," என்றார். "பதிவையும் சேத்து அழிச்சிட்டேன்."

திரும்பித் தன் இடத்துக்குப் போய், சொன்ன பொய்யை உண்மையாக்கினார். பதிவு அழிந்தது. பையிலிருந்த தன் டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி கண்ணாடி அறைக்குள் வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

மேலாளர் நிமிர்ந்தார். காலையில் பத்துப் பேருக்கு முன்னால் ஓங்கி ஒலித்த குரல் இப்போது பாதிகூட வரவில்லை.

"இல்ல."

"முதல்ல சாப்பிடுங்க. வேலை எங்கயும் ஓடிடாது."

இரண்டு டப்பாவும் திறந்தன. பாதிச் சாப்பாடு முடிந்தது. பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார், ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி எழுத முகமில்லை என்றவர்:

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறமும் வருவீங்க இல்ல?"