அடிமாட்டு விலைக்கு ஒரு சாக்ஸபோன்

“ஐயாயிரமா? வாய்க்கு வந்ததைக் கேட்டுடறதா சார்? நான் சாக்ஸபோன் விக்கறேன், சைக்கிள் பெல் விக்கல!”

போனைச் சோபாவில் எறிந்தார் கணக்கர். முகம் சிவந்திருந்தது.

“ஏம்மா, விலை நாற்பதாயிரம்னுதானே விளம்பரத்துல போடச் சொன்னேன்?”

“நீங்க சொன்ன விலையை நான் குறைப்பேனாங்க?” துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் மட்டும் நிமிர்ந்தார்.

“ஐயாயிரம் கேட்டானா? தாராள மனசுக்காரன். நானா இருந்தா சும்மா குடுத்தாக்கூட வாங்க மாட்டேன் மாப்பிள்ளை.”

மாமனார் வாயில் நல்ல வார்த்தை வராது. மருமகன் சாக்ஸபோனைக் கையில் எடுத்தாலே போதும், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார்.

கணக்கர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளராக இருக்கும் மனைவியின் சம்பளத்தில்தான் இப்போது வீடு ஓடுகிறது. “வேற வேலை கிடைக்கிற வரைக்கும் நான் சமாளிச்சுக்கறேன், அதை விக்காதீங்க” என்று அவளும் மன்றாடிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

“உட்கார்ந்து சாப்பிடறவனுக்குச் சங்கீதம் ஒரு கேடா?” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாசிப்பதும் இல்லை. இந்த ஆன்லைன் விவகாரமெல்லாம் தனக்குப் புரியாது என்று, விளம்பரம் போடும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார்.

மறுநாள் இன்னொரு போன்.

“தம்பி, அந்த சாக்ஸபோன்ல நரம்பெல்லாம் நல்லா இருக்கா? அறுந்து கிறுந்து போயிடலையே?”

“சாக்ஸபோன்ல ஏதுங்க நரம்பு? அது ஊதறது!”

“நரம்பே இல்லையா? அப்போ மூவாயிரம்தான் தர முடியும்.”

அதற்கடுத்த ஆள் இன்னும் ஒரு படி மேலே போனார். “பித்தளைதானே தம்பி? கிலோ கணக்குல போட்டுக்கலாமா?”

கணக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரிலிருக்கும் கிழங்களெல்லாம் ஒரே நேரத்தில் சாக்ஸபோன் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டார்களா என்ன?

“ஒரு ஆட்டோ கூப்பிடும்மா. நேரா வாத்தியக் கடைக்கே கொண்டுபோறேன்” என்றார்.

“கடைக்காரன் மட்டும் அள்ளிக் குடுத்துடுவானா?” மாமனார் பேப்பருக்குள்ளிருந்தே கேட்டார். “அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டான்னா, எடுத்துட்டுப் போகச் சொல்லி அவன்தான் காசு குடுப்பான். இன்னும் நாலு நாள் பொறுங்க. ஏமாந்தவன் எவனாவது வருவான்.”

கணக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

“நம்ம கஷ்டம் உங்க அப்பாவுக்குச் சிரிப்பா இருக்கு பாத்தியா? அவருக்கும் மனசு இல்ல, போன் பண்றவங்களுக்கும் மனசு இல்ல.”

மனைவி அடுப்பைத் துடைத்தாள்.

அவர் பெட்டியைத் திறந்து சாக்ஸபோனை ஒருமுறை தடவிப் பார்த்தார். முதல் சம்பளத்தில் வாங்கியது. ஊதிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஊதினால் விற்க மனசு வராது என்று மூடிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் வந்த போன் வேறு மாதிரியானது. பேசி முடித்ததும் கணக்கர் சின்னப் பையனைப் போல வீட்டுக்குள் ஓடி வந்தார்.

“வேலை கிடைச்சாச்சு! திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிட்டாங்க. முதல்ல அந்த விளம்பரத்தை எடுத்துடும்மா!”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “போட்டிருந்தாத்தானேங்க எடுக்கறதுக்கு?”

“என்னது? அப்போ எனக்குப் போன் பண்ணினவங்க?”

அவள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். “அப்பாவோட பூங்கா நண்பர்கள்.”

கணக்கர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மாமனார் அவசர அவசரமாகப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

“மாமா, உங்களுக்குத்தான் அந்தச் சத்தமே ஆகாதே?”

“இப்பவும் ஆகாதுதான். ஆனா அது இல்லாம நீங்க மூலையில உட்கார்ந்திருந்தீங்களே, அதைப் பாக்கச் சகிக்கல.”

கணக்கருக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷரையா மனசு இல்லாதவர் என்றோம்? அருகில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றி மாமா. உங்க நண்பர்களைக் கண்டபடி திட்டிட்டேனே...”

“திட்டினா என்ன? எல்லார்கிட்டயும் சொல்லித்தானே பேச வச்சேன்” என்று கரகரத்தார் மாமனார். “என்ன திட்டு வேணும்னாலும் வாங்கிக்குங்கப்பா, மாப்பிள்ளை சரின்னு சொல்ற மாதிரி ஒரு விலையை மட்டும் கேட்டுத் தொலைச்சுடாதீங்கன்னு!”