வெள்ளிக்கிழமைக் கெடு

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்களேன்! நம்ம மகன் வராம இருக்க மாட்டான்." லுப்னா கணவரின் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

மலைக்கோட்டைத் தலைவர் ஹம்தூன், சுல்தானின் தலைநகரான கிரனாதாவிலிருந்து வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குதிரைகூடக் கண்ணில் படவில்லை. அடிவாரத்தில் முற்றுகையிட்டிருந்த கஸ்டீல் கிறிஸ்தவப் படையின் சிலுவைக் கொடிகள்தான் படபடத்தன.

வெள்ளிக்கிழமை முடிவதற்குள் சுல்தானின் படை உதவிக்கு வந்துவிட்டால் முற்றுகை விலகும். வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் உயிரோடு வெளியேறலாம். கஸ்டீல் தளபதி ஃபொர்தூன் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் இது. படையை அழைத்துவர மகன் முன்திர் போயிருந்தான்.

சூரியன் விழுந்தது. மஃரிப் பாங்கு ஒலித்தது.

"முடிஞ்சுபோச்சு லுப்னா. சனிக்கிழமை பிறந்தாச்சு."

"கொஞ்சம் இழுத்தடிச்சா குடியா முழுகிடும்?"

"முழுகத்தான் செய்யும். நான் வாக்குத் தவறினா இங்க ஒரு பச்சக் குழந்தையைக்கூட அவங்க விட்டுவைக்க மாட்டாங்க."

தகப்பனும் பாட்டனும் காத்த கோட்டை. அதன் சாவியை எடுத்துக்கொண்டு ஹம்தூன் அடிவாரத்துக்கு இறங்கினார்.

கூடாரத்தில் மீன் தின்றுகொண்டிருந்த ஃபொர்தூன், அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டான். எல்லைப்புறத்தில் வளர்ந்தவன், அரபி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கினார்கள். கஸ்டீல் வீரர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பாதி மலை இறங்குவதற்குள் கொம்புச் சத்தம் கேட்டது. கிரனாதா பாதை நெடுக தீப்பந்தங்கள்! முன்னால் வந்த குதிரையிலிருந்து முன்திர் குதித்தான்.

"வாப்பா! ஏன் எல்லாரும் வெளியே வந்துட்டீங்க?"

"பாங்கு சொன்னதும் சாவியைக் கொடுத்துட்டேன்டா. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா, பாவி!" ஹம்தூன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மதில்மேலிருந்து ஃபொர்தூன் குரல் கொடுத்தான்.

"பையனைத் திட்டாதீங்க பெரியவரே! சூரியன் விழுந்தா நாள் முடியிறது உங்க வழக்கம். ஒப்பந்தம் எங்க கணக்குல எழுதினது. எங்களுக்கு நடுராத்திரி வரைக்கும் வெள்ளிக்கிழமைதான். நீங்களா வந்து சாவியை நீட்டினப்போ, வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."