கை கழுவிய இடம்

"இது செல்லாது."

மாசு ஆய்வு அதிகாரி பூங்குழலி, வசந்தா நீட்டிய பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, அப்படியே ரோட்டோரம் கவிழ்த்தார். டீசல் வாடையோடு தண்ணீர் மண்ணில் இறங்கியது.

சுற்றி நின்ற ஊர் ஜனம் வழியை மறித்துக்கொண்டு நெருங்கியது. வசந்தாவின் புருஷன் தங்கராசுதான் முதலில் வாயைத் திறந்தான்.

"இன்னாம்மா பண்ற? எங்க கிணத்துத் தண்ணிம்மா அது! உனக்குக் காட்டணும்னு புடிச்சி வச்சிருந்தோம்."

"நீங்களா புடிச்சு வச்ச தண்ணிய எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது. வழிய விடுங்க."

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற வழியில் இருந்தது அந்த அரசு டீசல் மின் நிலையம். அதன் மதில் சுவரை ஒட்டித் தங்கராசுவின் கொல்லை. கோடை ஆரம்பித்ததிலிருந்தே கிணற்றில் எண்ணெய் மிதந்தது. அதைப் பாய்ச்சியதில் மல்லாட்டைச் செடி மொத்தமும் கடலை பிடிக்கும் முன்பே கருகிவிட்டது. தொட்டித் தண்ணீரைக் குடித்த சினைப் பசு செத்துப் போனது. இப்போது குடிக்க, சமைக்க எல்லாமே கேன் தண்ணீர்தான்.

யார் போய்க் கேட்டாலும் நிலையத்து இன்ஜினியர் ஆனந்தராஜிடமிருந்து ஒரே பதில்.

"எங்க டேங்க்லேர்ந்து ஒரு சொட்டு வெளிய போகல. எவனாவது டிராக்டரக் கழுவியிருப்பான்."

மனு மேல் மனு கொடுத்ததில் இதற்கு முன்னும் அதிகாரிகள் வந்தார்கள். எல்லோரும் தங்கமான ஆட்கள். கிணற்றை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். வசந்தாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். அதற்கப்புறம் நிலையத்து கேட்டில் போய் நின்றார்கள். "மேலிடத்துல கேட்டுட்டுத்தான் உள்ள விடணும் சார்" என்று வாட்ச்மேன் அவர்களை வெயிலில் காக்க வைத்தான். உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவித் தள்ளும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். கேட் திறந்தபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது.

இந்த அம்மா கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அரசாங்கத்த அரசாங்கமே கேள்வி கேக்குமான்னு நான் அப்பவே சொன்னேன்" என்றான் தங்கராசு. "எல்லாம் பேசி முடிச்சிட்டுத்தான் வந்திருக்குது இது."

வசந்தா அவனைவிட வேகமாக இருந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"எம் மாடு துடிச்ச மாதிரி நீயும் துடிப்படி! உன் வீட்டுக் கிணறும் நாறிப் போவும்!"

மண் பூங்குழலியின் தலையிலும் புடவையிலும் விழுந்தது. அவர் தட்டிவிடக்கூட இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆனந்தராஜ், வாட்ச்மேனுக்குக் கண் காட்டினார். கேட் திறந்தது.

"ஜனங்க இப்படித்தான் மேடம், மரியாதையே தெரியாது. உள்ள வாங்க. சாப்பாட்டு நேரம் வேற. ஒரு வாய் சாப்டுட்டுப் போலாம்."

"பசிக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு, தோள்பையோடு உள்ளே போனார் பூங்குழலி.

கேட் மூடிக்கொண்டது. வறுத்த கறி வாசனை மதில் தாண்டி வந்தது.

"துன்னட்டும். வெளிய வந்துதானே ஆவணும்" என்று தங்கராசு ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மறுபடி கேட் திறந்தபோது பூங்குழலி முன்னால் வர, ஆனந்தராஜ் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மேடம், பேசிக்கலாம் மேடம். சாப்ட கையோட இப்படிப் பண்ணலாமா?"

பூங்குழலியின் கையில் இரண்டு பாட்டில்கள். வாயில் அரக்கு சீல்.

உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். தங்கராசுவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கை கழுவ சமையக்கட்டுக்குப் பின்னாடி போனேன்" என்றார் பூங்குழலி. "டேங்க் பக்கத்துலேர்ந்து ஒரு மூடின கால்வாய் உங்க கொல்லையப் பார்த்து வருது. பலகையத் தூக்கச் சொன்னேன். டீசலாத்தான் ஓடுது. இவரையே கூப்பிட்டு, இவர் கண்ணு முன்னாடியே புடிச்சு சீல் வச்சிருக்கேன். இது செல்லும்."

ஜீப்புக்கு வழி விட்டார்கள். வசந்தா மட்டும் தலை நிமிரவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்பே நிலையத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. டேங்கைப் பிரித்தபோது அடித்தட்டு அரித்துப் போயிருந்தது தெரிந்தது. ஆனந்தராஜ் சஸ்பெண்ட் ஆனார். ஒழுகல் தெரிந்தும் பேசாமல் இருந்த அவருடைய மேலதிகாரிகள் மீதும் விசாரணை தொடங்கியது. கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணுகிற வேலையையும் நிலையத்தின் தலையிலேயே கட்டினார்கள்.

தண்ணீரைச் சோதித்துப் பார்க்கப் பூங்குழலி மறுபடி வந்தார். இந்தத் தடவை கிணற்று மேட்டில் நின்று நன்றாக எட்டிப் பார்த்தார்.

வசந்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு உங்க மேல மண்ண வாரிப் போட்டுட்டேனேம்மா. என் கையி வெந்து போவ. எங்க காதுல ஒரு வார்த்த போட்டிருந்தீங்கன்னா அப்படிப் பண்ணியிருப்பேனா?"

"பண்ணியிருக்க மாட்டீங்க. அதனாலதான் சொல்லல" என்றார் பூங்குழலி. "நீங்க மண்ண வாரிப் போட்டதப் பார்த்துட்டுத்தானே அவரு கேட்டத் திறந்தாரு?"