ஈரப் பஞ்சு

மத்தியான வெளிச்சம் திரைச்சீலை வழியே மஞ்சளாக இறங்கும் கூடத்தில், அண்ணன் அப்பாவின் கடைசி நாட்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "அவரால தண்ணி முழுங்க முடியல. பஞ்சை நனைச்சு உதட்டுல ஒத்தி ஒத்தி எடுப்பேன். ஜன்னல் கொக்கி வேற கடகடன்னு ஆடிக்கிட்டே இருக்கும். துணியை மடிச்சுச் சொருகினப்புறம்தான் தூங்கினாரு." காலி டீ கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த தங்கையின் கை அப்படியே நிற்கிறது. பஞ்சை நனைத்தது அவள். சொருகிய துணி அவளுடைய பழைய துப்பட்டாவில் கிழித்தது. வெளியூரில் இருந்த அண்ணனுக்குத் தினமும் போனில் இதையெல்லாம் சொன்னவளும் அவள்தான். அவன் 'உம்' கொட்டினான். எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தான். காதால் கேட்டது எப்போது கண்ணால் பார்த்ததாக மாறியதோ! பொய் சொல்கிற முகமாக இருந்தால் தட்டை அவன் காலடியில் போட்டு உடைத்திருப்பாள். அவன் கண்ணோ நிஜமாகவே கலங்குகிறது. இல்லாத பஞ்சை அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்துக் காற்றில் மெதுவாக ஒத்துகின்றன. கல்யாணமாகிப் புதிதாக வந்திருக்கும் அண்ணி அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். பல வருஷம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கும் பெரியப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தங்கை பக்கம் திரும்புகிறார். "நீ அப்போ எங்கேம்மா இருந்தே?" அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையை உயர்த்தித் தடுக்கிறான். குரலில் அத்தனை பரிவு.

"அவளை ஒண்ணும் கேக்காதீங்க பெரியப்பா. அவளால வர முடியல. பாவம், தினமும் போன் பண்ணி ஒண்ணு விடாம கேட்டுக்குவா."