சிவப்புச் சீட்டு

"பையைத் திறக்கப் போறேன். எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க!"

தெருச் சங்கத் தலைவர் குராடோமி போட்ட சத்தத்தில், குப்பையை மூடும் வலைமேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் இரண்டும் எழும்பிப் பறந்தன.

செவ்வாய்க்கிழமை எரிக்கக்கூடிய குப்பை மட்டும்தான் போட வேண்டும். நகராட்சி வண்டி மற்ற பைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, ஒரே ஒரு பையில் 'எடுக்க முடியாது' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி விட்டுவிட்டுப் போயிருந்தது. உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் அந்தப் பையில், சோற்றுக்கும் மீன் முள்ளுக்கும் நடுவில் தகர டப்பாக்கள். பையில் பெயரும் எழுதவில்லை. அந்தத் தெருவில் இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது.

"உள்ள ஒரு ரசீதோ கவரோ இல்லாமலா போகும்? ஆள் யாருன்னு தெரியட்டும். சுற்றறிக்கையில பேரைப் போட்டு வீடு வீடா சுத்த விடறேன்!"

"போகட்டும் தலைவரே, ஏதோ கை தவறிப் போட்டிருப்பாங்க" என்றார் பக்கத்து வீட்டு இவாசே அம்மாள்.

"சொந்த வீட்டுக்காரன் எவனுக்கும் இப்படிக் கை தவறாதும்மா. எல்லாம் நேத்து வந்து நாளைக்குப் போற வாடகைக்காரங்க வேலை!"

வாடகைக்காரங்க என்ற சொல்லைக் காறித் துப்பாத குறையாகச் சொன்னார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தெருவுக்குத் தெரியாத காரணம்.

ஓய்வூதியம் வயிற்றுக்குப் பற்றாமல், இரண்டு வருடத்துக்கு முன் குராடோமி தன் வீட்டை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். விற்ற கையோடு அதே வீட்டில் வாடகைக்கு உட்கார்ந்தார். "வாசல்ல இருக்கிற பேர்ப்பலகையைக்கூடக் கழட்ட வேண்டாம் சார், ஈ காக்கைக்குத் தெரியாது" என்று தரகர் தேன் தடவிப் பேசியிருந்தார். அதன்படி யாருக்கும் தெரியவும் இல்லை.

நேற்று அந்தக் கம்பெனி ஆள் வந்தான். மனைவி வழுக்கி விழாமல் இருக்கக் குளியலறையில் குராடோமி பொருத்தியிருந்த கைப்பிடியைப் பார்த்தான். "யாரைக் கேட்டு சுவத்துல ஓட்டை போட்டீங்க?" என்று கேட்டான். முப்பத்தெட்டு வருடம் முன்பு அந்த வீட்டைக் கட்டியவர், அந்தப் பொடிப்பயலுக்கு முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டார். இரவெல்லாம் தூக்கமில்லை. அந்த ஆத்திரத்தை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும்.

பையின் முடிச்சில் கை வைத்தார்.

"அது என் பைதாங்க!"

மூலையில் இருக்கும் மாடிக் குடித்தனத்து அரிமுரா. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்துகொண்டிருந்தவள், ஓடிவந்து பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மீன் தண்ணீர் சீருடையில் வழிந்தது.

"மன்னிச்சுடுங்க. திறக்க வேண்டாம். நான் கொண்டுபோய்ச் சரி பண்ணிடறேன்."

"பாத்தீங்களா, சொன்னேனா இல்லையா?" குராடோமிக்குக் குரல் இன்னும் ஏறியது. "ஏம்மா, உனக்கென்ன! பிடிக்கலைன்னா மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பிடுவே. தெருவைப் பத்தின அக்கறை சொந்த வீடு இருக்கறவனுக்குத்தானே வரும்?"

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க? இங்க நிக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேளு!"

கேட்டாள். பையை இறக்காமலே ஒவ்வொருவர் முன்னாலும் இடுப்பு வளையக் குனிந்தாள். ஆறு வீட்டுக்காரர்கள். இவாசே அம்மாளுக்கே பார்க்கச் சங்கடமாகி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குராடோமிக்கு அப்போதும் ஆறவில்லை. குனிந்து நிமிர்ந்தால் முடிந்துபோயிற்றா? வீட்டுக்குப் போனவர், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அந்த மாடிக் குடித்தனத்தின் இரும்புப் படிகளில் தடதடவென்று ஏறினார்.

கதவு திறந்திருந்தது. தரையில் செய்தித்தாளை விரித்து, டப்பாக்களைக் கழுவித் தனியே அடுக்கிக்கொண்டிருந்தாள் அரிமுரா.

"இந்தா. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடு. இன்னிக்கே தெருவைச் சுத்தி வரும்."

"எழுதறேங்க. என்ன எழுதணும்னு சொல்லுங்க."

"வாடகைக்கு இருக்கற நான், இந்தத் தெருவோட மானத்தை வாங்கிட்டேன்னு எழுது."

அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள். குற்றம் கண்டுபிடிக்க ஏதாவது அகப்படுமா என்று இரண்டு தரம் படித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இனிமே ஒருதரம் இப்படி நடந்தா, உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிக் காலி பண்ண வெச்சுடுவேன்."

"சரிங்க. இதையும் கொண்டுபோயிடுங்க."

அவள் நீட்டியது இரண்டாகக் கிழிந்த ஈரக் கடிதம். மீன் வாடை அடித்தது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தார். மேலே அந்தக் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'வாடகைதாரர் குராடோமி அவர்களுக்கு'.

துண்டுகளை மடித்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார். "வெளியிலேருந்தே தெரிஞ்சுதா?" என்றார்.

"என் பக்கமாத்தான் இருந்துதுங்க. மத்தவங்க பாக்கலை." அரிமுரா அடுத்த டப்பாவை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். "இனிமே உங்க வீட்டம்மாவை இந்த மாதிரிக் கடிதத்தைப் பொடிப்பொடியாக் கிழிச்சுப் போடச் சொல்லுங்க. வாடகைக்கு இருக்கறவங்க நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம்."