வரியில்லாத குடிசை

திருமயம் பக்கம் புறம்போக்கில் புதிதாகக் குடிசை போட்டிருந்த முனியாயி, ஊர்ப் பெரிய மனிதர் ஏகாம்பரம் நீட்டிய மனுவில் கைநாட்டு வைத்தாள். குடிசைகளுக்கு வீட்டு வரியை ரத்து செய்யச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு எழுதிய மனு அது.

"வேணாம் தாயி, வரி கட்டுறதுதான் ஒனக்கு நல்லது" என்றார் வரி வசூலிக்கும் சூசைராஜ்.

"ஏழை வயித்துல அடிச்சே பழகிட்டீங்க!" என்று அவள் முகம் சுளித்தாள்.

வரி ரத்தானது. ஊரே ஏகாம்பரத்துக்கு மாலை போட்டது.

மூன்றாம் வருஷம் அவர் ஆட்களோடு வேலியடைக்க வந்தார். "இந்தப் புறம்போக்குக்கு எம்பேருல பட்டா வாங்கியாச்சு, இது எனக்குப் பாத்தியம். நீ இங்கிட்டுக் குடியிருந்ததுக்கு வரி ரசீது இருந்தாக் காட்டு."

"வரியே வேணாம்னு நீங்கதானய்யா எழுதுனீங்க?"

"பின்னே, ஒனக்காகவா எழுதுனேன்?"

முனியாயி அவர் காலடியில் காறித் துப்பிவிட்டு, வாசலை மறித்து உட்கார்ந்தாள்.